துரைசானியின் மூச்சு நிற்கும் வரை

முதல் பன்றியின் கழுத்தில் கத்தி இறங்கிய நேரத்தில்தான் கெத்தூராவுக்கு முதல் வலி வந்தது. முற்றத்தில் பன்றி போட்ட அலறலில் மாடியறைக் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, வலி போகும்வரை நின்றாள். கட்டிலில் கிடந்த டாலிவர் துரைசானி கண்ணைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் நின்ற வார்னர் துரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் பார்க்கக் கூடாது. அது ஒன்றுதான் அன்று காலை கெத்தூராவின் வேண்டுதல்.

நாலு வருஷத்துக்கு முன் செத்துப்போன பெரிய துரை ஓர் உயில் எழுதி வைத்திருந்தார். மனைவி உயிரோடு இருக்கும்வரை அந்த வர்ஜீனியாப் பண்ணையின் பதினாலு அடிமைகளும் அவளுக்கு உழைக்க வேண்டும். அவள் மூச்சு நின்ற நிமிஷம் பதினாலு பேருக்கும் விடுதலை. வக்கீல் முற்றத்தில் நின்று அதை வாசித்தபோது சிலர் மண்டியிட்டு அழுதார்கள். இடையில் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி உயிலில் ஒரு வரியும் இல்லை. அன்று இருந்த சந்தோஷத்தில் அதை யாரும் கேட்கவும் இல்லை.

துரைசானி மட்டும் அன்றிலிருந்து தூங்கவில்லை. தன் சாவுக்காகப் பதினாலு பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அவளைத் தின்றது. எந்தக் கிண்ணம் வந்தாலும் கெத்தூரா முதலில் ஒரு வாய் குடிக்க வேண்டும். குடிக்கத் தயங்கினால் கரண்டியால் அடி. குடித்துவிட்டு நன்றாக இருந்தாலும், ஏதோ தந்திரம் என்று அடி.

அடுத்த வருஷம் கெத்தூராவுக்கு ரோடா பிறந்தாள். இரண்டு வயது நிரம்பியதும் துரைசானியின் அண்ணன் மகன் வார்னர் வண்டி கொண்டுவந்து குழந்தையைத் தூக்கிப் போட்டார்.

"பொறந்த அன்னிக்குத் தாய் அடிமை. அதனால புள்ளையும் அடிமை. நாளைக்குத் தாய்க்கு விடுதலை கிடைக்கலாம், புள்ளைக்குக் கிடையாது. உயில்ல பேர் சொல்லாத சொத்தெல்லாம் எனக்கு. இதுதான் சட்டம், தெரிஞ்சுக்கோ" என்றார்.

துரைசானி அவித்த முட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. கெத்தூரா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சவுக்கின் பிடிக்கட்டை அவள் வாயில் இறங்கியது. முன்பல் இரண்டு போயின. அன்றிலிருந்து வர்ஜீனியாவின் சட்டத்தை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது வயிற்றில் இரண்டாவது. துரைசானிக்கு நுரையீரலில் சீழ். துரைசானி முதலில் போனால், பிறப்பது விடுதலை பெற்றவளின் பிள்ளை. பிள்ளை முதலில் வந்தால், அது வார்னருக்கு.

அதற்காகவே அவர் மூன்று நாளைக்கு முன் டாக்டர் மேபரியோடு வந்து இறங்கியிருந்தார். வந்த அன்றே கெத்தூராவின் வயிற்றில் சவுக்கு நுனியால் தட்டினார்.

"எங்க அத்தையும் நீயும் பந்தயம் ஓடுறீங்கடி. நான் உன் மேலதான் கட்டியிருக்கேன். பதினாலு கைய விட்டுப் போகுது. ஒண்ணாவது நிக்கட்டும்."

அன்று பன்றியடிப்பு. முதல் கடும்பனி விழுந்ததும் அடித்து உப்பிட்டால்தான் வருஷம் முழுக்க இறைச்சி. கீழே இருபத்தைந்து பன்றிகள் வரிசையில் நின்றன. கெத்தூராவின் புருஷன் ஆம்ப்ரோஸ்தான் கத்திக்காரன். ஒவ்வொன்றையும் மல்லாத்திப் போட்டு, தொண்டைக்குழியில் ஒரே குத்து. பிறகு கொதிநீர்ப் பீப்பாயில் முக்கி மயிர் சுரண்டுவார்கள்.

ஆறாவது பன்றி கத்தும்போது கெத்தூராவின் பனிக்குடம் உடைந்தது. தொடை வழியே வெதுவெதுப்பாக இறங்கி, பலகைத் தரையில் பரவியது. கையில் தண்ணீர் நிரம்பிய பீங்கான் கூஜா இருந்தது. ஒரு கணம்கூட யோசிக்காமல் அதைக் காலடியில் போட்டு உடைத்தாள்.

"மாட்டு ஜென்மமே!" வார்னரின் சவுக்கு அவள் கன்னத்தைக் கிழித்தது. "ஒரு கூஜாவைக்கூடப் பிடிக்கத் தெரியல?"

"கை வழுக்கிடுச்சு துரை."

இரண்டாவது அடி கழுத்தில் விழுந்தது. அவள் நிலைகொள்ளாமல் உடைசல்கள் மேலேயே முழங்காலில் விழுந்து, பாவாடையால் தரை முழுக்கத் துடைத்தாள். எது எந்தத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியவில்லை. முழங்காலில் பீங்கான் ஏறியது. அந்த வலியில் இடுப்பு வலி கொஞ்சம் மறைந்ததும் ஒரு நன்மைதான்.

துரைசானிக்கு மூச்சு இழுத்தது.

"இன்னொரு தடவை ரத்தம் எடுங்க" என்றார் வார்னர்.

டாக்டர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு தடவை எடுத்தாச்சு, வார்னர். உடம்புல இனி என்ன இருக்கு?"

"நேத்து எடுத்ததும் தெளிஞ்சு உட்கார்ந்தாங்களா இல்லையா? கெட்ட ரத்தம் இருக்கிறவரைக்கும் எடுக்கணும். காசு குடுக்கிறவன் நான்."

கெத்தூராதான் கிண்ணம் பிடித்தாள். டாக்டர் முழங்கை மடிப்பில் சின்னக் கத்தியால் கீறினார். இரத்தம் மெலிந்து, தண்ணீர் கலந்த ஒயின் போல வந்தது. கிண்ணம் பாதி நிரம்புவதற்குள் இரண்டு வலிகள் வந்துபோயின. கிண்ணம் ஆடாமலிருக்க அவள் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். கத்தத் தோன்றியபோதெல்லாம் கீழே ஒரு பன்றி அவளுக்குப் பதிலாகக் கத்தியது. டாக்டர் துணிக்கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். அடுக்களையில் ஈரல் வறுபடுகிற வாசனை வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சற்று நேரத்தில் முற்றத்தில் பெரிய கூச்சல். குத்து சரியாக இறங்காத பன்றி ஒன்று கழுத்தில் இரத்தம் பீய்ச்ச எழுந்து ஓடியது. வேலிக்கம்புகள் முறிந்தன. "துரைசானியோட ரோஜாச் செடிங்க! பிடிங்கடா, நாய்ங்களா!" என்று கத்திக்கொண்டே வார்னர் மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கினார்.

அறையில் இரண்டு பெண்கள் மட்டும்.

துரைசானி கண்ணைத் திறந்தாள். "தண்ணி."

கெத்தூரா கோப்பையை நீட்டினாள்.

"நீ முதல்ல."

கெத்தூரா ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தாள். துரைசானி குடித்தாள். அப்போது வந்த வலி இதுவரை வந்ததைப் போல இல்லை. தலை இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. இன்னும் அரைமணி, முக்கால்மணி. அதற்கு மேல் அவளால் பிடித்துவைக்க முடியாது. இந்தக் கிழவி சாயங்காலம்வரை கிடப்பாள்.

கிழவியின் முழங்கைத் துணிக்கட்டின் முடிச்சு அவளுடைய இரண்டு நகங்களுக்கு நடுவே வந்தது. அவிழ்த்தாள். கீறலைக் கட்டைவிரலால் விரித்தாள். கையைச் சுவர்ப் பக்கம், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் தொங்கவிட்டாள். கம்பளியை இழுத்து மூடினாள்.

துரைசானி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. கத்த மூச்சும் இல்லை.

"குளிருது, கெத்தூரா."

"தெரியும்மா" என்று இன்னொரு கம்பளியைப் போர்த்தினாள். அதன் ஓரத்தைச் சுவர்ப் பக்கம் செருகினாள்.

அடுத்த வலிக்கு அவள் குனிந்து கட்டிலைப் பிடித்திருந்தபோது வார்னர் கதவைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், ஈரப் பாவாடையைப் பார்த்தார், உடைந்த கூஜாவைப் பார்த்தார். சிரித்தார்.

"கள்ளி! இவ்வளவு நேரம் ஒளிச்சியா?"

அவள் தலைமுடியைக் கையில் சுற்றிப் படிகளில் இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு படியும் அவள் முதுகில் இடித்தது. அடுக்களைத் தரையில் போட்டு, "மேபரி! தட்டை வைங்க. இடுக்கி எங்க? இப்பவே இழுத்துப் போடுங்க" என்றார்.

டாக்டர் வாயில் ஈரலோடு எழுந்தார். கெத்தூரா கால்களைப் பின்னிக்கொண்டாள். டாக்டர் முழங்காலைப் பிரிக்கப் பார்த்தபோது அவர் மார்பில் உதைத்தாள். வார்னர் அவள் விலாவில் மிதித்தார். அவர் கணுக்காலை அவள் கடித்தாள். மிச்சமிருந்த பற்கள் எலும்புவரை போயின. அவர் ஊளையிட்டுப் பின்வாங்கி வாசலைப் பார்த்தார். ஆம்ப்ரோஸ் முழங்கைவரை பன்றி இரத்தத்தோடு நின்றான். கத்தியை வெளியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

"வாடா. இவ காலைப் பிடி."

ஆம்ப்ரோஸ் உள்ளே வந்தான். காலைப் பிடிக்கவில்லை. மனைவிக்கும் துரைக்கும் நடுவில் போய் நின்றான்.

"பிடிடாங்கிறேன்!"

"மாட்டேன் துரை."

வார்னர் அடுப்புக் கம்பியை எடுத்தார். முதல் அடியில் ஆம்ப்ரோஸின் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவன் கையை ஓங்கவில்லை. ஓங்கினால் தூக்குமரம், தூக்குமரத்தில் தொங்குபவனுக்கு எந்த உயிலும் உதவாது. இரண்டாவது அடி காதில். மூன்றாவதில் மண்டியிட்டான். மண்டியிட்டபடியே நகர்ந்து நகர்ந்து அவளை மறைத்தான்.

"புள்ள," என்றான் வாயில் இரத்தத்தோடு, "பிடிச்சுக்கோ. விட்டுடாத."

"எவ்வளவு நேரம்யா பிடிக்கிறது!" என்று அவள் அலறினாள்.

டாக்டருக்கு உதைபட்ட மார்பு வலித்தது. "இங்க இப்ப யாராலும் இடுக்கி போட முடியாது. நான் போய் அந்த அம்மாவைப் பார்க்கிறேன்" என்று படியேறிப் போனார்.

கெத்தூராவின் உடம்பு முழுவதும் கீழ்நோக்கித் தள்ளியது. அவள் பாவாடைத் துணியை வாயில் திணித்துக்கொண்டு, தொடைகளை இறுக்கி, மேல்நோக்கி மூச்சை இழுத்தாள். அவளுக்குள் ஏதோ கிழிந்தது. கம்பி ஆம்ப்ரோஸின் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அதை எண்ணவில்லை. மாடிப் பலகை கிறீச்சிடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிறீச்சிட்டது.

"வார்னர்!" மேலிருந்து டாக்டரின் குரல். "போயிட்டாங்க! பதினொண்ணே கால்!"

கெத்தூரா வாயிலிருந்த துணியைத் துப்பினாள். கால்களை விரித்தாள். ஆம்ப்ரோஸ் முறியாத கையை நீட்டினான். மூன்று தள்ளலில் பெண் குழந்தை அவன் உள்ளங்கையில் வந்து விழுந்து, பன்றிகளுக்கு மேலாகக் கத்தியது.

டாக்டர் இறங்கி வந்தபோது அவர் சட்டைக் கைகள் முழங்கைவரை சிவந்திருந்தன.

"புள்ளதான் முதல்ல வந்துச்சு" என்றார் வார்னர், மூச்சு வாங்கியபடி. "அப்படியே எழுதுங்க. நீங்களும் நானும் வெள்ளைக்காரங்க. கறுப்பு வாய் சாட்சி கோர்ட்ல ஏறாது."

டாக்டர் தொட்டியில் கை கழுவினார். பிறகு கெத்தூராவின் பக்கம் குனிந்து, தொப்புள்கொடியைக் கட்டுகிற சாக்கில் மெதுவாகக் கேட்டார்.

"முப்பது வருஷமா முடிச்சுப் போடுறேன். என் முடிச்சு தானா அவிழ்ந்ததே இல்ல. தெரியுமா?"

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். "நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருந்தீங்க, டாக்டரய்யா."

அவர் கொடியில் முடிச்சைப் போட்டு இறுக்கினார். பிறகு எழுந்து, மேசையில் இருந்த ஈரல் தட்டை ஒதுக்கிவிட்டு, காகிதத்தை விரித்தார்.

"வார்னர், மேல மெத்தை நனைஞ்சு தரைவரைக்கும் ரத்தம். எப்படிச் செத்தாங்கன்னு நீதிபதி கேட்டா, மூணாவது தடவை எடுக்கச் சொன்னது யார்னு நான் சொல்லணும். என் பேரும் கெடும், உங்க பேரும் கெடும். அதனால நுரையீரல்னு எழுதுறேன். பதினொண்ணே கால்னு எழுதுறேன். வீடு முழுக்கக் கேட்க நானே கத்திட்டேன், அதை மாத்த முடியாது. குழந்தை பதினொண்ணரை."

"என் சொத்துய்யா அது!"

"உங்க அத்தை செத்தது நுரையீரல்லயா, என் கத்தியிலயா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

வார்னர் கம்பியைத் தரையில் எறிந்தார். மேசை மேல் பேனா கீறும் சத்தம் கேட்டது. கெத்தூரா குழந்தையைப் பாவாடையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆம்ப்ரோஸ் சுவரில் சாய்ந்து, ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். மற்றது வீங்கி மூடியிருந்தது.

"சரி," என்றார் வார்னர் கடைசியில். கடிபட்ட காலை நொண்டியபடி வந்து அவள் மேல் நின்றார். "எழுந்திரு. மேல போய் அத்தையைக் கழுவு. விறைக்கிறதுக்குள்ள உடுப்பு மாத்தணும்."

"முடியாது."

"என்னடி சொன்ன?"

"கூலிக்கு யாரையாவது வெச்சுக்கோங்க."

அவர் குனிந்து கம்பியை எடுத்தார். கெத்தூரா திரும்பிக் குழந்தை மேல் கவிழ்ந்து, முதுகைக் காட்டினாள்.