ஊர்வலம் போன முதலைச் சாமி

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாதைக்குச் சல்லி உடைப்பவள் சீதாலெட்சுமி. மலையிலிருந்து வந்த பலகைக்கல் ஒன்று அன்று அவள் சம்மட்டிக்கு இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு வாய், நிறையப் பற்கள். அதன் கீழே மெலிந்து நீண்ட ஒரு கால்.

"முதலை," என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வேலாயுதம். "உடைச்சுப் போடு."

கிள்ளான் ஆற்றில் அவள் முதலை பார்த்திருக்கிறாள். அதற்குக் கால் குட்டை. இது என்ன உயிர் என்று தெரியாமல் அதை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மதியம் யாரும் இல்லாதபோது கல்லில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு செம்பருத்தியையும் செருகினாள். பிறகு எந்தச் சம்மட்டியும் அதன் பக்கம் போகவில்லை.

பத்தே நாளில் முதலைச் சாமிக்குப் பந்தல் எழும்பியது. வேலாயுதமே சேவல் நேர்ந்துகொண்டார்.

ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி யோகநாதன் அந்தக் கல்லைப் படமாக வரைந்து மியூசியத் துரையிடம் காட்டிவிட்டு ஓடிவந்தார்.

"இது முதலையில்லையாம், முதலையின்ர பழைய சொந்தமாம்! மனுசர் வாறதுக்குக் கனகாலம் முன்னமே அழிஞ்சுபோன இனம். ஆனா கல்லைப் பார்த்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாமாம். துரை வெள்ளிக்கிழமை பின்னேரம் கப்பல் ஏறுறார். அதுக்குள்ள கொண்டுபோகவேணும்."

வேலாயுதம் பந்தல் முன்னால் வந்து நின்றார். "சாமியத் தூக்கிக் குடுக்கறதா? தலை போனாலும் நடக்காது."

"அண்ணே, பொட்டு வச்சது நான்தான்," என்றாள் சீதாலெட்சுமி. "உடைச்சிடக் கூடாதேன்னு வச்சேன்."

"யாரு வச்சா என்ன? வச்ச பிறகு சாமிதானே!"

காப்பாற்றப் பூசிய மஞ்சளே இப்போது குறுக்கே நின்றது. வியாழன் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு சல்லி உடைத்தாள். சாயங்காலம் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வேலாயுதத்திடம் போனாள்.

"அண்ணே, தைப்பூசத்துக்குச் சாமி தேர்ல வெளிய வருதில்ல? நம்ம சாமி மட்டும் ஒரே இடத்துல குந்தியிருக்கணுமா? மியூசியத்துக்கு ஊர்வலமாப் போகட்டுமே."

வேலாயுதம் தாடையைச் சொறிந்தார். "போற இடத்துல நம்மள உள்ள விடுவானுங்களா?"

"ஆரும் வரலாம். காசும் இல்லை," என்றார் அவளோடு வந்திருந்த யோகநாதன்.

"அப்ப அதுவும் கோயில்தான்லா!"

வெள்ளிக்கிழமை காலை மாட்டுவண்டியில் வாழை கட்டி, மேளத்தோடு முதலைச் சாமி மியூசியத்துக்குப் புறப்பட்டது. துரை தொப்பியைக் கழற்றிவிட்டுக் கல்லின் முன் மண்டியிட்டார். கும்பிடுகிறார் என்று வேலாயுதத்துக்கு ஒரே பெருமை. கண்ணாடி வில்லையை வைத்துக்கொண்டு அந்த நீண்ட காலையே வெகுநேரம் பார்த்தார் துரை.

"கிராணி ஐயா, அது ஊர்ந்துச்சா, நடந்துச்சான்னு கேளுங்க," என்றாள் சீதாலெட்சுமி.

யோகநாதன் கேட்டார். துரை அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்து, இரண்டு விரல்களை மேசைமேல் வேகமாக ஓடவிட்டுக் காட்டினார்.

வெறும் வண்டி திரும்பியபோது, "என்னதான் சொன்னாரு?" என்றார் வேலாயுதம்.

"ஓடுமாம் அண்ணே!" என்றாள் அவள். "நம்ம சாமி ஓடுமாம்!"