நடு வரிசைக் கதிர்

என் நாத்தனாருடைய தொழில் தூக்கிப் போடுவது. யாராவது கேட்டால் "இயற்கை விவசாயத்துக்குன்னு தனியா ஒரு மக்காச்சோள ரகம் உருவாக்கறேன்" என்பாள். நான் பார்த்த வரைக்கும் விதைப்பாள், வளர்ப்பாள், நன்றாக வந்த பத்துச் செடியை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுவாள். அந்தப் பத்தின் விதையை மறுபடி விதைப்பாள், மறுபடி தூக்கிப் போடுவாள். எட்டு வருஷமாக இதே கூத்து. எங்கள் வீட்டில் அவளுக்கு 'ஆராய்ச்சி' என்று பேர். நான்தான் வைத்தேன். கிண்டலுக்கு வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

கடையில் விற்கிற விதை உரத்துக்கும் களைக்கொல்லிக்கும் பழகினது. அவை இல்லாத வயலில் அதைப் போட்டால் பாதி ஈர மண்ணிலேயே அழுகும், மீதி களைக்கு அடியில் மூச்சு முட்டி நிற்கும். ஆராய்ச்சி தேடியது வேறு மாதிரி. மருந்து பூசாத விதை குளிர்ந்த மண்ணை முட்டிக்கொண்டு வர வேண்டும், இலை அகலமாக விரிந்து களைக்கு வெயில் கிடைக்காமல் பண்ண வேண்டும். மணி வெள்ளையாக இருக்க வேண்டும், மாவு ஆலைக்காரர்கள் கேட்கிறார்களாம். அதற்காகத் தன் வயலில் அவள் களையே எடுக்க மாட்டாள். களையோடு மல்லுக்கட்டி ஜெயிக்கிற செடிதான் வேண்டுமாம். ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "இந்த வயலுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்று என்னைக் கேட்பார்கள். எனக்கு மானம் போகும்.

நானும் என் வீட்டுக்காரரும் மாடு வைத்திருக்கிறோம். வேலிக்கு இந்தப் பக்கம் மாட்டுக்கான எங்கள் சோளம், அது கடையில் வாங்குகிற மஞ்சள். அந்தப் பக்கம் அவளுடைய வெள்ளை. மஞ்சளின் மகரந்தம் காற்றில் பறந்து வெள்ளைக் கதிரில் விழுந்தால், விழுந்த இடத்து மணி அந்த வருஷமே மஞ்சளாகிவிடும். பல்வரிசையில் ஒரு தங்கப்பல் கட்டின மாதிரி தெரியும். அதனால் அவள் விதைத்து ஒரு மாதம் கழித்துத்தான் நாங்கள் விதைப்போம். அவளுடையது பூத்து ஓய்ந்த பிறகு எங்களுடையது பூக்கும். அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. என்னை யார் கேட்டார்கள்?

இந்த வருஷம் அவளுடைய ரகம் அரசாங்கச் சோதனைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே தேறினால்தான் பேர் வைத்து விவசாயிகளுக்குக் கொடுக்க முடியும். உரம் போடாத வயல்களில் நடத்துகிற சோதனைக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் விதை வாங்குவார்கள். அந்த விதை மொத்தமும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த ஒரே வயலிலிருந்து, கலப்பில்லாமல் வர வேண்டும். அவள் சாப்பிட்டதும் தூங்கினதும் இந்த ஒரே நினைப்போடுதான்.

விதைத்த பிறகு குளிரும் மழையும் விடவே இல்லை. அவளுடைய சோளம் அழுகாமல் முளைத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆமை வேகத்தில் வளர்ந்தது. நாங்கள் விதைத்த நேரம் பார்த்து வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் மஞ்சள் கிடுகிடுவென்று ஏறிவிட்டது. ஒரு நாள் பார்த்தால் வேலிக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் பூ விடத் தயாராக நிற்கிறது.

அன்றைக்குக் காலையில் ஆராய்ச்சி சேற்றுக் காலோடு சமையலறைக்குள் வந்தாள்.

"அண்ணா, உன் சோளத்த வெட்டணும்."

அவர் காபியைக் கீழே வைத்தார். "எவ்வளவு?"

"எல்லாத்தையும்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "கதிரே பிடிக்கல, இப்ப வெட்டினா அதுல என்ன சத்து இருக்கும்? தண்ணியத்தான் மாடு தின்னணும். மஞ்சள் மணிதான் பளிச்சுன்னு தெரியுதே, பொறுக்கி எறிஞ்சுட்டுப் போயேன்!"

"பொறுக்கலாம் அண்ணி. ஆனா பூக்கற நேரத்துல அதிகாரி வயலைப் பார்க்க வருவார். வேலிக்குப் பக்கத்துல வேற சோளம் பூத்து நின்னா, உள்ள காலே வைக்க மாட்டார். அப்படியே திரும்பிப் போயிடுவார். அதுதான் சட்டம்."

"பூவ மட்டும் கிள்ளிடலாமே?"

"அத்தனை செடியிலயும் ஒண்ணு விடாம, நாலு நாளுக்குள்ள யார் கிள்ளுவா? நீங்க கிள்ளுவீங்களா?"

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தங்கை கேட்டு அவர் இல்லையென்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. நான் ஒரு பிரஷர் குக்கர் கேட்டு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் எழுந்து போய் வெட்டு இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் வேலிக்கு இந்தப் பக்கம் வெறும் கட்டைகள்தான் நின்றன.

அதிகாரி வந்தார். வெட்டின வயலைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அவள் வயலுக்குள் போய்க் களையைப் பார்த்து முகம் சுளித்தார். அப்புறம் அந்தக் களைக்கு மேலே தலை தூக்கி நின்ற சோளத்தைப் பார்த்து, "இத எங்க பிடிச்சீங்க?" என்று கேட்டார். ஆராய்ச்சிக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

ஆனால் பெருமையை மாடு தின்னுமா? வெட்டின பச்சைச் சோளம், தீவனத்தை மூடிப் பதப்படுத்துகிற சைலேஜ் குழியில் அழுகி நாறியது. மாடுகள் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. பால் குறைந்தது. தீவனம் வெளியில் வாங்க வேண்டி வந்தது, அதற்காக நான் கன்றிலிருந்து வளர்த்த கிடாரியை விற்றோம். வண்டியில் ஏற்றும்போது அது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை. ஆராய்ச்சி வந்து, "அண்ணி, சோதனையில தேறினதும் முதல் விளைச்சல் உங்க மாட்டுக்குத்தான்" என்றாள். ஆமாம், ஆகாசத்தில் கோட்டை கட்டி அதில் எனக்கு ஒரு அறை.

அறுவடை ஆனதும் கதிர்களை வரிசை வரிசையாகச் சாக்கில் கட்டி, ஒவ்வொரு சாக்கிலும் வரிசை நம்பர் எழுதிய அட்டையைக் குத்தி, அவளுடைய கொட்டகையில் அடுக்கினார்கள். மட்டை உரிக்க மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவள் விளக்குக்குக் கீழே, நான் கதவோரம், என் வீட்டுக்காரர் எங்களுக்கு நடுவில். பூச்சி அரித்தது, பூஞ்சை பிடித்தது எல்லாம் மாட்டுக்கென்று ஒரு கூடையில் போட வேண்டும். நல்லது அவள் கைக்குப் போக வேண்டும்.

வேலியோர வரிசைகள் முதலில். கதிர்கள் பால் மாதிரி வெள்ளையாக வந்தன. வயலின் நடுவுக்கு வர வர, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கதிர்களில் மஞ்சள் மணி தட்டுப்பட்டது. அவள் அதைப் பேனாக்கத்தியால் நெம்பி எடுத்தாள்.

"எங்கேயோ தூரத்துலேருந்து பறந்து வந்திருக்கு. இவ்வளவு இருந்தாப் பரவாயில்ல. விட்டுடுவாங்க" என்றாள். அவள் வாய்க்குள் ஏதோ ராகம் முனகினாள். எட்டு வருஷத்தில் அவள் முனகி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் கை நின்றது.

அவர் பாதி உரித்த கதிரைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். பிறகு மட்டையை மறுபடி மூடி, அந்தக் கதிரை மாட்டுக் கூடையில், மற்றதற்கு அடியில் தள்ளினார். அடுத்ததை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது. பொய் சொல்கிற அன்றைக்கெல்லாம் அவருக்கு அப்படித்தான்.

நான் கூடையை என் பக்கம் இழுத்துக் கதிரை வெளியில் எடுத்தேன். பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. முழு வளர்த்தியான கதிர். ஆனால் மணிகள் பாதிக்குப் பாதி மஞ்சள், பாதிக்குப் பாதி வெள்ளை, ஒன்று மாற்றி ஒன்று இறைத்த மாதிரி.

எட்டு வருஷம் சாப்பாட்டு மேசையில் இந்தப் பாடத்தைக் கேட்டிருக்கிறேன். எனக்கே புரிந்துவிட்டது. காற்றில் வந்த மகரந்தம் ஒரு கதிரை இப்படிப் பாதியாகப் பிரிக்காது. அந்தச் செடியே கலப்புச் செடி. போன வருஷத்து விதையில் ஒரு மஞ்சள் மணி கிடந்திருக்கிறது, அதைப் பொறுக்கி எறியாமல் இவளே விதைத்திருக்கிறாள். விதை பொறுக்கும்போது அறையைப் பூட்டிக்கொள்வாள். "என் கண்ணத் தவிர வேற கண்ண நம்ப மாட்டேன்" என்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த லட்சணம் இது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் மாமியார் இல்லாத குறையை நாத்தனார் தீர்த்து வைத்தாள். என் மாடு ஒரு தடவை வேலி தாண்டி அவள் வரிசையில் வாய் வைத்ததற்கு அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது அவள் உடைத்ததை இவர் கூடையில் போட்டு மூடுகிறார். என் கிடாரி ஞாபகத்துக்கு வந்தது. வயிறு எரிந்தது.

என் வீட்டுக்காரர் தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

நான் எழுந்து போய்க் கதிரை விளக்குக்குக் கீழே வைத்தேன். "இந்தா ஆராய்ச்சி. இதையும் ஆராய்ச்சி பண்ணு."

முனகல் நின்றது. அவள் கதிரைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள்.

"எந்த வரிசை?"

நான் சாக்கிலிருந்த அட்டையைப் படித்தேன். வயலின் நட்ட நடு வரிசை.

அவள் உரித்து வைத்த குவியலைப் பார்த்தாள், மூட்டைகளைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப அந்த மஞ்சளெல்லாம் தூரத்துலேருந்து வரல. இதுலேருந்துதான் வந்திருக்கு" என்றாள்.

"அதத்தான் பொறுக்கிட்டியே" என்றார் என் வீட்டுக்காரர். "இந்த ஒண்ணத் தூக்கிப் போட்டா முடிஞ்சுது. அதிகாரி பார்த்துட்டுப் போயாச்சு. யாருக்குத் தெரியப் போகுது?"

"உன் சோளமா இருந்தா பொறுக்கலாம்ணா. அது சுத்த மஞ்சள், எங்க தொட்டாலும் மஞ்சளா முகத்தக் காட்டும். இது கலப்பு. இதோட மகரந்தத்துல பாதிதான் மஞ்சளா தெரியும். மறுபாதி வெள்ளைக்குள்ள வெள்ளையா ஒளிஞ்சுக்கும். நான் ஒரு மஞ்சள எடுத்தேன்னா, கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு அந்தக் குவியல்ல எங்கேயோ இருக்கு. எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"கொஞ்சம்தானே?"

"அதுக்குள்ள இருக்கறது உரம் கேக்கற ரத்தம். நான் சொன்னத நம்பி ஒருத்தன் உரமும் போடாம, மருந்தும் அடிக்காம விதைப்பான். அடுத்தடுத்த வருஷம் அது அவன் வயல் முழுக்கப் பரவும். அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"மூணு வருஷம் காத்திருக்கணுமே, பாப்பா." அவளை அவர் பாப்பா என்று கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"இருக்கணும். கலப்பு வர்றதுக்கு முந்தின வருஷத்து விதை ஒரு டப்பா எடுத்து வச்சிருக்கேன். அங்கேருந்து ஆரம்பிக்கணும்." அவள் அந்தக் கதிரைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் கூடையில் கிடந்த மற்றக் கதிர்களிலிருந்து அதில் ஒட்டியிருந்த பூஞ்சைத் தூளைக் கவனித்தாள். விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "இது மாட்டுக் கூடையிலேருந்தா எடுத்தீங்க?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவருடைய காது இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"தெரிஞ்சே போட்டியா?"

"உனக்காக என் வயலையே வெட்டினேன்" என்றார் அவர். "ஒரு கதிர மாட்டுக்குப் போட்டா அது தப்பா?"

"வயல் உன்னுது. வெட்டினே. அதுக்கு நான் சாகற வரைக்கும் கடன்பட்டிருக்கேன். இது என்னுது."

எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. அவள் தோற்றுப் போவதைப் பார்க்கத்தான் கதிரை எடுத்தேன். பார்த்தாயிற்று. மனசு கொஞ்சமும் ஆறவில்லை. அவள் என்னை உத்தமி என்று நினைத்துவிடப் போகிறாளே என்று வேறு பயம் வந்துவிட்டது.

"இதோ பாரு, நான் ஒண்ணும் நல்ல எண்ணத்துல காட்டல. கோபத்துல காட்டினேன். கிடாரி போன வயித்தெரிச்சல்" என்றேன்.

அவள் இடுப்பிலிருந்து விதை அறைச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். அந்தச் சாவியை அவள் அண்ணன்கூட இதுவரை தொட்டதில்லை.

"கோபத்துல காட்டினா என்ன? காட்டினீங்கல்ல. அடுத்த தடவை விதை பொறுக்கும்போது எனக்கு எதிர்ல உட்காருங்க. என் கண்ண மட்டும் நம்பினது போதும்."

"அண்ணன உட்கார வச்சுக்கோயேன்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணன் வேண்டாம். அண்ணனுக்கு என் மேல பாசம் அதிகம்."

அதை அவள் சத்தமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. சொல்லிவிட்டு முதல் மூட்டையை அவிழ்த்து, அத்தனை வெள்ளைக் கதிரையும் மாட்டுக் கூடையில் கொட்ட ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் மடியில் கிடந்த மட்டைகளைத் தட்டிவிட்டு எழுந்தார். பால் கறக்கிற நேரம் இன்னும் ஆகவில்லை. ஆனாலும் வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார்.