பதினோராவது எடை

1

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, நடுவில் இடம் விடாதீர்கள். ஒரு பிக்கப் வண்டியைத் தாழ்த்திய கதை சொல்கிறேன். ஏன் நெருங்கச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் தேடிப் போகவில்லை. குருபரப்பள்ளியில் வெங்கடசாமியின் மெக்கானிக் ஷெட் எதிரே பஸ்ஸுக்கு நின்றேன். அவ்வளவுதான்.

2

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

நெடுஞ்சாலையில் லாரிகள் சீறிக்கொண்டிருந்த அந்த மதியவேளையில் —

(அடித்துவிட்டேன். அவை எந்த மதியம் சீறவில்லை?)

ஜெபசீலியின் இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து —

(இதுவும் வேண்டாம். வந்தவுடனே உங்களை ஆஸ்பத்திரியில் உட்கார வைப்பேனா?)

அருள்ஜோசப்புக்கு ஐம்பத்தாறு வயதில் ஸ்டைல் பைத்தியம் பிடித்தது.

இது ஊர் சொன்னது. இருக்கட்டும்.

நாகரசம்பட்டிப் பக்கம் மாங்கன்று வாங்கி, அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்தில் விற்பவர் அருள்ஜோசப். விற்பவர் என்பது பேச்சுக்கு. ஓட்டுவது அவர், விற்பது பக்கத்து இருக்கையில் வரும் மனைவி ஜெபசீலி. கன்னடத்தாரிடம் கன்னடம், தெலுங்கரிடம் தெலுங்கு. இவருக்குத் தமிழே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான். போன வருஷம் அவள் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் தகடு வைத்தார்கள். அதன்பிறகு வண்டியின் உயரத்துக்குக் கால் எழும்பவில்லை. தூக்கி உட்கார வைக்கிறேன் என்றாராம். சந்தையில் நாலு பேர் பார்க்க நான் என்ன உர மூட்டையா என்றாளாம். ஸ்டூல் போட்டார்கள், ஈர மண்ணில் அது சாய, மறுபடி விழுந்தாள். அதற்கப்புறம் அவள் வண்டிப் பக்கமே வரவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அவர் தனியாகப் போய்ப் பாதிக் கன்றோடு திரும்பினார்.

கன்று நடும் ஆடி நெருங்கியதும், காலேஜ் பையன்கள் செய்வதுபோல் வண்டியை முன்னும் பின்னும் தாழ்த்தினார். கேட்டவர்களிடம் ஸ்டைலுக்கு என்றார். காலேஜில் சேர்ந்துவிட்டீர்களா அண்ணா என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஆமாம் என்றார். அவளிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

(முதல் வரைவில் இந்த இடத்தில் அவரை அழ வைத்தேன். அந்த மனிதர் அழவில்லை. என் வசதிக்காக அவர் கண்ணில் தண்ணீர் விடுவது நியாயமில்லை.)

3

வண்டி தாழ்ந்தது. ஆனால் குலுக்கலைத் தாங்கும் பழைய ஷாக் அப்சார்பர் தாழவில்லை. நீளமான அதைக் குறுகிய இடத்தில் மடக்கி வைத்ததுபோல் ஆயிற்று. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிமுட்டி டம்மென்று இடி. சோதனைக்கு ஏற்றிய நாலு கன்றில் மூன்று, பையில் மண் உதிர்ந்து வேர் தெரிய நின்றன. வெங்கடசாமி குட்டையான ஒரு ஜோடி வாங்கிப் போட்டான். காலி வண்டியில் அருமையாகப் போயிற்று; வாடகைச் சுமை ஒன்று ஏற்றியதும் அதே டம்.

அப்போதுதான் அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான்.

"காலி வண்டிய அளந்தேன் பாருண்ணா, அதான் தப்பு. தினமும் என்னா சொமக்குதோ அதை ஏத்தி வெச்சு அளக்கணும். ஷாக்கப்சர் நடுவுல நிக்கணும். மேலயும் எடம் வேணும், கீழயும் எடம் வேணும்."

தினமும் சுமப்பது எண்பது கன்று, கிட்டத்தட்ட அறுநூற்று நாற்பது கிலோ. கன்று இன்னும் வாங்கவில்லை.

(மணல் மூட்டை வைக்கலாமே என்கிறீர்களா? அதற்கு மணல் வேண்டும். எதிரே பஸ்ஸுக்குப் பெண்கள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.)

4

இரண்டாம் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து, கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றவர்களை வெங்கடசாமி கூப்பிட்டான். ஆளுக்கு எத்தனை கிலோ என்று கேட்டதுதான் அவன் செய்த பிழை. கேன்டீனில் சமைக்கும் பாப்பம்மா, "ரேஷன் அரிசிக்குத்தான்டா எடை சொல்லுவாங்க, எனக்கில்ல" என்று சொல்லிக்கொண்டே முதலில் ஏறினாள். பத்துப் பேர் தேறினார்கள். அறுநூற்று நாற்பதுக்கு இன்னும் ஒரு ஆள் குறைந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறவள் கதைக்குள் ஏற வேண்டியதாயிற்று. இந்தக் கதையில் என் பங்கு ஐம்பத்தெட்டு கிலோ. நெருங்கி உட்கார்ந்தோம்.

வெங்கடசாமி டேப்போடு அடியில் படுத்தான். அங்கிருந்து குரல் வந்தது: முன்னால் டிரைவர் மட்டும்தான், இன்னொரு ஆள் வேண்டும். ரஞ்சிதா என்கிற பெண் நான் போகிறேன் என்று எழுந்தாள்.

"உக்காரும்மா," என்றார் அருள்ஜோசப். "அது வேற யாரும் உக்கார்ற எடம் இல்ல."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஜெபசீலி ஊன்றுகோலைப் பிடித்தபடி ஷெட் ஓரத்தில் நின்றிருந்தாள். நாங்கள் எல்லோரும் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தோம். பதினோரு பேரும் ஒரே திசையில்.

(இங்கே நான் பொய் சொல்லலாம். பார்க்கவில்லை என்று. பார்த்தேன்.)

கோலைத் தகரத்தில் சாய்த்தாள். கதவைத் திறந்து, நல்ல காலை மேலே வைத்தாள். நின்றாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கையை அவர் நீட்டவில்லை. ஒரு மூச்சு. அப்புறம் தகடு வைத்த பக்கமும் உள்ளே போயிற்று. கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் வண்டியே மூச்சு விட்டதுபோல் இருந்தது. இல்லை, மூச்சு விட்டது நாங்கள்.

"ஸ்டைலாத்தாங்க இருக்குது," என்றாள் ஜெபசீலி.

அடியிலிருந்து வெங்கடசாமி, பதினாலே கால் அங்குலம் என்றான்.

5

அந்த அளவுக்குத்தான் ஷாக் அப்சார்பர் வாங்கினார்கள். எண்பது கன்றும் கெட்டுப்போவதாக ஒரு முடிவும் எழுதி வைத்திருந்தேன், கிழித்துவிட்டேன். எண்பதும் மண் உதிராமல் இறங்கின. எண்பதும் விற்றன.

ஆனால் அந்த முதல் பயணத்தில், அத்திப்பள்ளி வரைக்கும், இருவரும் என்ன பேசினார்கள்? தெரியாது. அன்று நான் எடையாக இல்லை. நீங்கள் ஏறிப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி உங்களுடையது. கதையையும் காலியாக வைத்து அளக்கக் கூடாது என்று அந்த ஷெட்டில்தான் கற்றேன். அதனால்தான் உங்களை முதலிலேயே நெருங்கி உட்கார வைத்தேன்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் படிகளெல்லாம் உங்கள் வீட்டார் கால் எழும்பும் உயரத்திலேயே இருக்கட்டும். எழும்பாத நாள் வந்தால், ஸ்டைலுக்கு என்று சொல்லிப் படியைத் தாழ்த்த ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.