வியாழக்கிழமை நாடகம்

அந்த நாட்களில் லண்டனில் தொலைக்காட்சி நாடகத்தைப் பதிவு செய்து வைக்க வழியில்லை. ஞாயிறன்று நேரலையில் நடித்ததை, அதே நடிகர்கள் வியாழனன்று முதலிலிருந்து மறுபடி நடிப்பார்கள். அந்த வாரம் மியூரியலுக்குக் கணவனை இழந்தவள் வேடம். ஞாயிறன்று கேமரா நெருங்கியபோது அவள் அழுத அழுகையில் விளக்குப் பிடித்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

செவ்வாயன்று அவளுடைய கணவர் லெனர்ட் மாரடைப்பில் இறந்துபோனார்.

அவள் வசனம் வேறு யாருக்கும் தெரியாததால் வியாழனன்று அவளே வந்தாள். ஒப்பனை செய்யும் ஹில்டாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

"கிளிசரின் வச்சு விடட்டுமா கண்ணு?" என்று ஹில்டா மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம்க்கா. இன்னிக்கு அது தானா வரும்."

வரவில்லை. சவப்பெட்டிக் காட்சியில் அவள் ஒரு சொல்கூடப் பிசகாமல் பேசினாள். கண்கள் மட்டும் காய்ந்தே இருந்தன.

முடிந்ததும் இயக்குநர் டெரிக் வந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. புருஷன் செத்தவ மாதிரியே இல்லன்னு நாலஞ்சு பேர் போன் பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமை எவ்வளவு நல்லா அழுத."

"மன்னிச்சிடுங்க சார்," என்றாள் மியூரியல்.

ஹில்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மியூரியல் அவள் கையை அழுத்தித் தடுத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் லெனர்டை அடக்கம் செய்தபோதும் அவளுக்கு அழுகை வரவில்லை.