பத்து நிமிடம் முன்னால்

கூடைக்குள் அதிர்வது தன் போன்தான் என்று சுடர்விழிக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே நுழையும்போதே நாற்பது டாக்டர்களிடமும் போனைப் பிடுங்கி, காய்கறிக் கூடை ஒன்றில் போட்டு, வாசலோர மேசையில் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல நடத்துகிறார்களே என்று முணுமுணுத்தவர்களில் அவளும் ஒருத்தி. மற்ற போன்கள் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கின. இது மட்டும் நிற்பதும் தொடங்குவதுமாக இருந்தது. இப்படி விடாமல் கூப்பிட அவளுடைய நோயாளி வடிவேலுவின் மனைவி சின்னப்பொண்ணை விட்டால் அவளுக்கு வேறு ஆள் கிடையாது.

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் கூட்டரங்கு அது. தீராத வலிக்கு மார்ஃபின் மாத்திரையைப் பயப்படாமலும் பத்திரமாகவும் எழுதுவது எப்படி என்று டாக்டர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. இன்று ஞாயிறு, இரண்டாம் நாள். நாலு மணிவரை உட்கார்ந்திருந்தால்தான் சான்றிதழ். ரெட்டியார்பாளையத்தில் சுடர்விழி வேலை பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரியில் அந்தச் சான்றிதழ் பெரிய டாக்டர் கிருஷ்ணசாமி ஒருவரிடம்தான் இருக்கிறது. அவர் பேரில்தான் அவள் இதுவரை எழுதிக்கொண்டிருந்தாள். இந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் இன்னொருவர் தயாராகாவிட்டால் மார்ஃபின் அலமாரியை இழுத்து மூடிவிட வேண்டியதுதான். அந்த அலமாரியை நம்பிப் பதினெட்டு பேர் இருந்தார்கள். வெள்ளிக்கிழமைவரை வடிவேலுவும் அதில் சேர்த்தி.

"அடுத்த ஜோடி வாங்க," என்றார் பயிற்சி நடத்திய டாக்டர் செந்தமிழ்ச்செல்வி.

ஒருவர் நோயாளியாகவும் இன்னொருவர் டாக்டராகவும் நடிக்க வேண்டும். சுடர்விழிக்கு நோயாளிச் சீட்டு வந்தது. அறுபத்திரண்டு வயது ஆண், வாய்ப் புற்று, மாத்திரையை அடிக்கடி கேட்கிறார் என்று இருந்தது. மீதியை அவரவர் கற்பனைக்கு விட்டிருந்தார்கள். அவளுக்குக் கற்பனை தேவைப்படவில்லை.

டாக்டராக நடித்த இளம்பரிதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "சொல்லுங்க பெரியவரே, என்ன பண்ணுது?"

"தாடைக்குள்ள குத்துதுங்க. மணி பத்தாவுது, மாத்திரை இன்னும் தரல. அந்த மார்ஃபினுதாங்க கேக்குது. இன்னும் ஒண்ணு சேத்துக் குடுங்க, விடியறவரைக்கும் தாங்கல."

இளம்பரிதி அரங்கைப் பார்த்துத் திரும்பினான். "பேரச் சொல்லிக் கேக்குறாரு, மணி பாத்துக் கேக்குறாரு, கூடுதலாவும் கேக்குறாரு. பழகிட்டாரு மேடம். நான்னா நிறுத்திடுவேன்."

அரங்கே சிரித்தது. செந்தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. "நிறுத்துறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி இருக்கு. அடுத்த மாத்திரைக்குள்ள வலி திரும்பி வந்துடுதா? வந்துட்டா நீங்க குடுக்குற அளவு பத்தலன்னு அர்த்தம். அப்புறம், அந்த மனுசன் என்ன வேல பாத்தவரு?"

சீட்டில் வேலையைப் பற்றி ஒன்றும் இல்லை. "மில்லுல," என்றாள் சுடர்விழி. "முப்பது வருசம்."

ஒரு நாளைக்கு உரிய மாத்திரையை மட்டும் தினமும் காலை பத்து மணிக்குக் கையில் கொடுப்பது அவர்கள் ஆஸ்பத்திரி வழக்கம். வடிவேலு மூன்று வாரமாக ஒரு நாள்கூடத் தவறாமல் ஒன்பது ஐம்பதுக்கு மருந்து சன்னலுக்கு எதிர் பெஞ்சில் இருப்பார். கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகராது. நர்சுகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை அவர் இன்னும் ஒன்று கேட்டபோது சுடர்விழிக்குச் சுருக்கென்றது. பழக்கமாகிவிட்டதாகச் சந்தேகம், மார்ஃபின் நிறுத்தம், திங்கள்கிழமை மறுபடி பார்க்கலாம் என்று கேஸ் சீட்டில் எழுதினாள். "அது மில்லு பழக்கம் டாக்டரம்மா," என்று சின்னப்பொண்ணு பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். "சங்கு ஊதறதுக்குப் பத்து நிமிசம் முன்னாடி கேட்ல நிக்கணும். இல்லன்னா சாத்திடுவான்." அதைக் காதில் வாங்கிக்கொண்டேதான் சுடர்விழி கையெழுத்துப் போட்டாள். நோயாளி தன்னை ஏமாற்றிவிடக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்துவிட்டாள். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

டீ இடைவேளையில் போனைக் கொடுத்தார்கள். ஏழு அழைப்புகள்.

"டாக்டரம்மா, நாங்க ஆஸ்பத்திரிலதான் இருக்கோம்," என்றாள் சின்னப்பொண்ணு.

"நாளைக்குத்தானேம்மா வரச் சொன்னேன்?"

"நானும் சொன்னேன், கேக்கலியே. நேத்தும் இப்டித்தான். ஒம்போதரைக்கே கெளம்பி வந்து பெஞ்சுல குந்திக்கினாரு. பேச முடியல, ஒடம்பெல்லாம் நடுங்குது. கெடையாதுன்னா நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா, ஊட்டுக்கு இட்டுனு போறேன்."

சுடர்விழி அவளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டுக் கிருஷ்ணசாமியைக் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சந்தேகம்னு உன் கைப்பட எழுதியிருக்க. அதுக்கு மேல நான் மாத்திரை எடுத்துக் குடுத்தா, சோதனைக்கு வர்றவனுக்கு யாரும்மா பதில் சொல்றது?"

"நான் தப்பா எழுதிட்டேன் சார்."

"அப்ப நேர்ல வந்து அவரைப் பாத்து, மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடு. போன்ல சொல்றதெல்லாம் ரெஜிஸ்டர்ல ஏறாது."

கெட்ட மனிதர் இல்லை. இத்தனை வருடம் பேர் கெடாமல் ஓட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். வெள்ளிக்கிழமை அவள் எழுதியதும் அதே பயத்தில்தான். அவர்மேல் கோபப்படக்கூட அவளுக்கு வழியில்லை.

செந்தமிழ்ச்செல்வியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "போங்க, நான் தடுக்கல. ஆனா மணிக்கொரு தடவ போட்டோ எடுத்து மேல அனுப்புறோம். ஒண்ணுல இல்லன்னாலும் என்னால கையெழுத்துப் போட முடியாது. அடுத்த பயிற்சி ஆறு மாசம் கழிச்சுதான்." அவருக்கும் சொல்லச் சங்கடமாக இருந்தது. மதியச் சாப்பாடும் பொட்டலமாக நாற்காலிக்கே வந்துவிடும், நடுவில் ஓடிப்போய் வரவும் வழியில்லை.

ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம்தான். போனால் வடிவேலுவுக்கு இன்று வலி நிற்கும். அடுத்த மாதம் அவரையும் சேர்த்து அத்தனை பேருக்கும் அலமாரி மூடிக்கிடக்கும். சுடர்விழி மறுபடி போனை எடுத்தாள்.

"நாலரைக்கு வந்துடறேம்மா. தப்பு என்னுதுதான், நான் வந்து குடுக்குறேன். அதுவரைக்கும் அவரை வீட்டுல படுக்க வையுங்க."

சின்னப்பொண்ணு அதை அவரிடம் உரக்கச் சொல்வது கேட்டது.

"வர மாட்டேன்றாரும்மா. கையால காட்றாரு. நாலு இருவதுக்கு இங்க இருக்கணுமாம். ஊட்டுக்குப் போய்ட்டா லேட்டாயிடுமாம்."

போன் கூடைக்குத் திரும்பிப் போனது. மத்தியானம் முழுக்க வகுப்பு நடந்தது. எந்த அளவில் தொடங்குவது, எப்படிக் கூட்டுவது, கூடவே மலமிளக்கி தர மறக்கக் கூடாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதும் நேரம் போக மீதி நேரம் மேடைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்ன மேடம், மணியவே பாக்குறீங்க?" என்றான் பக்கத்தில் இருந்த இளம்பரிதி.

மூன்று ஐம்பதுக்கு எழுந்து போய் வாசலோரக் காலி நாற்காலியில், கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி போட்டோவுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. காலையில் ஓயாமல் அதிர்ந்த போன் இரண்டு மணிக்குப் பிறகு ஒரு தடவைகூட அதிரவில்லை. அவள் கூடையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி கூடையைப் பார்த்தாள்.