ஒரிஜினல், மாற்று

…இல்லை, முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே எங்கே இருந்தார்கள் என்பதை வரிசையாக வைத்துக்கொள்வோம், வரிசை இருந்தால் மூச்சு தானாக வரும் என்று ஸ்டோர் கீப்பர் தனக்குள் சொல்லிக்கொண்டார்: மேஜைக்கு அந்தப் பக்கம் சுழல் நாற்காலியில் ஒர்க் ஷாப் முதலாளி, ஜன்னலோரம் வலது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருந்த நர்ஸம்மா, பழைய வேனிலிருந்து கழற்றிப்போட்ட இருக்கையின் ஒரு நுனியில் மெக்கானிக், கதவருகே, உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லாததால் நின்றுகொண்டே, சென்சாரை விற்ற கடைக்காரர், அதாவது ஸ்டோர் கீப்பரின் சொந்தத் தங்கை புருஷன், அப்புறம் முதலாளிக்கு இடப்பக்கம் ஸ்டூலில், மடியில் கடிதத் தாளோடு, அவர். ஐந்து பேர். ஐந்து பேருக்கும் நடுவில், மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்புச் சென்சார், பையின் கழுத்தில் நூல் கோத்துக் கட்டிய சீட்டு, சீட்டில் அவருடைய கையெழுத்து. பையை வைத்தது நர்ஸம்மா, "பழசுன்னு நீங்க குடுத்ததுதாங்க, கைப்பையிலேயே கெடந்துச்சு, தூக்கிப் போடணும்னு நெனச்சு நெனச்சு மறந்துட்டேன்." மெக்கானிக் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினான், ஒரு தரம், இன்னொரு தரம், அப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னான். "சார், இது புதுசு." புதுசு என்றால்? "போல்ட் மாட்டுற காதைப் பாருங்க, இறுக்கின தடமே இல்ல. இது இன்னும் எந்த வண்டியிலயும் ஏறவே இல்ல சார்."

ஏறவே இல்லை. அப்படியானால் ஏறியது எது? பேனா மூடி கீழே விழுந்து உருண்டது, அவர் எடுக்கவில்லை. நர்ஸம்மாவின் கார் முதல் தடவை வந்த நாள் நினைவில் இருக்கிறது, அரை மணி ஓடினால் எஞ்சின் சூடேறும், சூடேறினால் நடுரோட்டில் பொட்டென்று நின்றுவிடும், ஆறியதும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி மறுபடி ஓடும். வீடு வீடாகப் போய் ஊசி போட்டுப் புண்ணுக்குக் கட்டுப்போடுகிற அம்மாவுக்கு இப்படி ஒரு வண்டி. மெக்கானிக் அன்றைக்கே கண்டுபிடித்தான், சென்சார்தான், எஞ்சின் எங்கே சுற்றுகிறது என்று சொல்கிற கண்ணு அது, சூடு பட்டா அதுக்கு மயக்கம் வருது, கண்டதைப் போடக்கூடாது, ஒரிஜினல் கம்பெனி பார்ட்தான் போடணும் என்றான். தங்கை புருஷன் கடையில் சொல்லி வைத்து, ரெண்டு நாள் கழித்து முத்திரை பிரியாத பெட்டியில் வந்தது, மாட்டினார்கள், ஓட்டிப் பார்த்தார்கள், பத்து நிமிஷம், நன்றாகத்தான் ஓடியது. கிட்டக் கிட்ட வீடுகளாக எட்டு நாள் ஓடியது, ஒன்பதாம் நாள் பாலத்து நடுவில் நின்றது. பின்னால் வந்த லாரி மோதியதில் நர்ஸம்மாவுக்குக் காறை எலும்பு முறிந்தது. செய்தி வந்தபோது இதே அறையில் முதல் வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது? "டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்." யாரும் கேட்கவில்லையே, அவராகத்தான் சொன்னார்.

சீட்டு. ஒர்க் ஷாப்பில் அவருக்குப் பட்டப்பெயரே சீட்டண்ணன்தான், டீ கிளாஸுக்கும் சீட்டு கட்டுவார், விட்டால் முதலாளிக்கும் கட்டிவிடுவார் என்று பையன்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார், உள்ளுக்குள் பெருமைதான். கழற்றிய பாகத்தை அழுக்கோடு யாருக்கும் திருப்பித் தந்ததில்லை, பெட்ரோலில் கழுவி, பிரஷ் போட்டுத் துடைத்து, பையில் போட்டு, சீட்டு எழுதி… அந்த ரெண்டு நாள் காத்திருப்பில் பழசையும் அப்படித்தான் கழுவினார், பளபளவென்று ஆகிவிட்டது, அதுவும் அதே கம்பெனி, அதே முத்திரை. அதற்கு என்ன பெயர் எழுதுவது? வண்டியோடு கூடப்பிறந்தது, ஆகவே ஒரிஜினல். புதிதாக வந்ததைப் பெட்டியிலிருந்து எடுத்து, காலிப் பெட்டியைக் கோப்போடு வைத்துவிட்டு, இன்னொரு பையில் போட்டார், பழசின் இடத்துக்கு வருகிறது, ஆகவே மாற்று. எவ்வளவு சுத்தமான தமிழ், ஒற்று எழுத்துகூடப் பிசகவில்லை. முதலாளி சீட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். "மாற்று… மாத்துன்னு சொல்றீங்களா, மாத்தியாச்சுன்னு சொல்றீங்களா?" நர்ஸம்மா, "மாத்தி எடுத்ததுன்னுதாங்க நான் நெனச்சேன், பழசுன்னு." மெக்கானிக் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "பெஞ்சுல ரெண்டு பை இருந்துச்சு. ஒண்ணுல ஒரிஜினல்னு போட்டிருந்துச்சு. ஒரிஜினல்தானே சார் போடச் சொன்னீங்க?" சொன்னார்தான், எல்லோரும் சொன்னார்கள், ஒரிஜினல்தான் போடணும், ஒரிஜினல்தான் போடணும்… அவன் போட்டுவிட்டான். செத்துப்போன பழசை, கழுவிக் குளிப்பாட்டி, அவர் கையாலேயே பெயர் சூட்டி அனுப்ப, அவன் திரும்பவும் மாட்டிவிட்டான். நல்லதைக் குப்பை என்று கையில் கொடுத்து அந்த அம்மாவைப் பாலத்துக்கு அனுப்பியாயிற்று.

கதவருகே நின்ற மாப்பிள்ளை கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை, "மச்சான், நான் இருக்கணுமா, போலாமா?" என்று மட்டும் கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் மெக்கானிக் சென்சாரோடு எழுந்துவிட்டான், "கார் பின்பக்கம்தானே நசுங்கியிருக்கு, இதை மாட்டி ஓட விடறேன். அரை மணி ஓடட்டும், சூடேறட்டும். நின்னா டூப்ளிகேட்தான், நிக்கலைன்னா அப்புறம் பேசுவோம்." நர்ஸம்மாவும் அவன் பின்னால் போனாள், மாப்பிள்ளையும் போனார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், கூரியர் வர ஒரு மணி நேரம்கூட இல்லை, திருத்தக் கடிதம் அதில் போயாக வேண்டும். ஏனென்றால் போன திங்கட்கிழமை கம்பெனிக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது, இந்தக் கடைக்காரர் போலிப் பாகம் விற்கிறார், இவருடைய விற்பனை உரிமையை ரத்து செய்யுங்கள் என்று, முதலாளி சொல்லச் சொல்ல அவர் எழுதியது, முதலாளி சொல்லாததும் ரெண்டு வரி சேர்த்து எழுதியது. நாளை மறுநாள் அங்கே முடிவெடுக்கிறார்கள். அந்தக் கடிதத்தின் நகலைக் கம்பெனி மாப்பிள்ளைக்கும் அனுப்பியிருந்தது, தங்கை போனில், "அண்ணே, லெட்டரைப் பார்த்தேன், ஒன் கையெழுத்து எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா," என்றாள், அவ்வளவுதான், அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை. "மெக்கானிக் கவனக்குறைவுன்னு ஒரு வரி போட்டு முடிங்க," என்றார் முதலாளி, "உங்களை எதுக்கு இதுல இழுத்துக்கிட்டு, அவன் பார்த்து மாட்டியிருக்கணும்ல." பார்த்துத்தானே மாட்டினான்? படிக்கத் தெரிந்தவன் படித்தான், எழுதத் தெரிந்தவர் எழுதியிருந்தார். ஒரு வரி. அந்த ஒரு வரியில் அவன் வேலை போகும், இவர் ஸ்டூல் இவருக்கே இருக்கும், எவ்வளவு சுலபம்…

வெளியே போனட் திறக்கிற சத்தம், ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு எஞ்சின் பிடித்தது. ஐயா, வணக்கம், என்று தொடங்கினார். 'ண'வின் சுழிகள் கொக்கி கொக்கியாக வந்தன, திங்கட்கிழமைக் கடிதத்தில் ஒரு சுழிகூட நடுங்கவில்லையே, ஏன்? பிழை யாருடையது என்ற இடத்துக்கு வந்து பேனா நின்றது. எழுத்துப்பிழை என்று எழுதலாமா? எழுத்தில் பிழையே இல்லையே, அதுதானே கொடுமை. கடைசியில், 'பழைய பாகத்துக்கு ஒரிஜினல் என்று சீட்டு எழுதியவன் நான். மெக்கானிக் நான் எழுதியதைத்தான் படித்தார். கடைக்காரர் கொடுத்தது உண்மையான கம்பெனி பாகம்தான். முன் கடிதத்தில் அவரைப் பற்றி உள்ளதெல்லாம் என் அவசரம்,' என்று எழுதினார். முதலாளி படித்தார், உதட்டைப் பிதுக்கினார், "தலையெழுத்து," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, இருபது நிமிஷம், இருபத்திரண்டு. தங்கையின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை சட்டைப்பையில் ரெண்டு பேனா வைத்திருந்தார், ரெண்டு பேனா வைத்திருக்கிறவன் ரெண்டு பேச்சுக்காரன் என்று அன்றைக்குத் தன் மனைவியிடம் சொன்னது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது? டூப்ளிகேட் என்று சொல்லுமுன் மாட்டியதைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாரா, காலிப் பெட்டியைச் சரி பார்த்தாரா, எதையும் மூன்று தரம் சரிபார்க்கிற மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும்…

உறையின் விளிம்பில் பசை தடவி, மடித்து, விரலால் அழுத்தி நீவி, வாசல் கவுண்டருக்கு வந்தார். கூரியர்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கவுண்டரில் சாய்ந்தார், "சீக்கிரம் குடுங்க சார், வண்டி கெளம்பிடும். உள்ள என்ன? ஒரிஜினலா, ஜெராக்ஸா?" அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன சார், கஷ்டமான கேள்வியா கேட்டுட்டேன்?" என்று சிரித்துவிட்டு, கூரியர்காரர் தானே ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்து, ரசீதைக் கிழித்து நீட்டி, உறையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எதில் அடித்தார் என்று அவர் பார்க்கவில்லை. கண் கடிகாரத்தில் இருந்தது, முப்பத்தோரு நிமிஷம், கொளுத்துகிற வெயில், எஞ்சின் ஒரே சீராக, ஒரு இருமல்கூட இல்லாமல், நர்ஸம்மா ஏதோ சொல்ல மாப்பிள்ளை சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது, போதும், நிரூபணமாகிவிட்டது, உள்ளே போய் உட்கார வேண்டியதுதான். ஆனால் அவர் கையில் ரசீதோடு அங்கேயே நின்றார், மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரே ஒரு நிமிஷம் என்று, அப்போதுதான் தெரிந்தது, தான் காத்திருப்பது அந்த எஞ்சின் ஓடுவதற்கு அல்ல, நிற்பதற்கு என்று…