ஒரே கட்டை, பதினோரு மணி நேரம்

அக்கா வீட்டு இரும்பு அடுப்பின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது நாற்றம்தான். கரிநாற்றம் என்றால் எனக்கு ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்தக் குளிர் மலையூரில் வீடு வீடாகப் புகைக்குழாய் சுத்தம் செய்து பிழைக்கிறவன், கரி என் சோற்றிலேயே கிடக்கும். இது வேறு. ஈரக்கட்டை எரியாமல் வெந்து, அதோடு பெயின்ட் உருகி, மேலே யாரோ துப்பிவைத்த மாதிரி. யாரோ என்ன யாரோ, அத்தான்தான். நான் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கும்போதே என் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே துப்பினார். "சுர்ருங்குது பாத்தியா? நேத்து ராத்திரி போட்டது மச்சான். ஒரே கட்டை, பதினோரு மணி நேரம்" என்றார். நேற்றே அணைத்துவைக்கச் சொல்லியிருந்தேன். சீ, குளிர் காய்கிற அடுப்பில் எச்சில் துப்புகிற மனிதனை நான் இங்கேதான் பார்த்தேன்.

அத்தான் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் போய்விட்டது, கைக்கடிகாரம் மிச்சம். ஒரு கட்டை எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்ப்பதுதான் இப்போது அவருக்கு வேலை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பதினோரு மணி நேரத்தைச் சொல்லிப் பீற்றிக்கொள்வார். காற்றுத் துவாரத்தை இறுக்க மூடிவிட்டால் கட்டை நிற்காமல் என்ன செய்யும்? அது எரிவதில்லை, அழுகுகிறது.

அக்கா என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் மகள் ஆறு வாரக் குழந்தையோடு மறுநாள் வருகிறாள். வீட்டில் சூடான அறை இது ஒன்றுதான். தாயும் பிள்ளையும் இங்கேதான் படுப்பார்கள். "குழாய மட்டும் பாத்துக் குடுத்துட்டுப் போடா" என்று போனில் சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை. என் அக்கா சொல்லமாட்டாள்.

கனன்ற கட்டையை மூடிபோட்ட இரும்பு வாளியில் அள்ளி வெளியே வைத்துவிட்டு, குழாய் ஆறும்வரை அறையைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். குழாய் இணைப்பிலிருந்து பழுப்பு நீர் சுவரில் கோடு கோடாக இறங்கியிருந்தது, வெற்றிலை எச்சில் மாதிரி. அது சொட்டுகிற இடத்தில் பிஸ்கட் டப்பா ஒன்று. பாதிவரை கருப்புச் சாறு, அதில் இரண்டு பல்லி. அதை வழித்த துணியாலேயே அத்தான் தேநீர்க் கோப்பையைத் துடைத்து என்னிடம் நீட்டினார். வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன். தலையணையைத் தொட்டால் விரல் ஒட்டியது. ஜன்னல் விளிம்பில் தலைவலி மாத்திரையின் காலி அட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தது. அக்காவின் வேலை அது. குப்பையைக்கூட அடுக்கித்தான் வைப்பாள்.

போன வருடம் நான் வாங்கிவந்து சுவரில் மாட்டிய விஷவாயு அலாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது. பக்கத்திலேயே டிப்போவில் விடைகொடுக்கும்போது தந்த பெரிய வட்டக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அலாரத்துல பேட்டரி எங்க?"

"சும்மா சும்மா கத்திட்டே இருந்துச்சு. எடுத்துக் கடிகாரத்துல போட்டுட்டேன். அதுலயாவது உபயோகமா இருக்கட்டுமே."

தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் கையெல்லாம் கரி. "அத்தான், அது சும்மா கத்தல. போக வழியில்லாத விஷவாயு வீட்டுக்குள்ள திரும்பி வருது. புகைன்னா இருமி முழிச்சுக்குவீங்க. இது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூங்கறவங்க தூங்குனபடியே போயிடுவாங்க. பச்சக் குழந்த வருது வீட்டுக்கு."

"எட்டு வருஷமா நாங்க போகலயே" என்றார். சிரித்தார். பல்லும் பழுப்பு.

குழாயைக் கழற்றினேன். உள்ளே கரித்தூள் இருந்தால் பிரஷ் போதும். இங்கே தார் கண்ணாடி மாதிரி படிந்து, கை நுழையவேண்டிய இடத்தில் மூன்று விரல்தான் நுழைந்தது. ஒரு பொறி பட்டால் குழாய்க்குள்ளேயே தீப்பிடித்துக் கூரைக்கு ஏறும். சுரண்டியால் தட்டத் தட்டத் தகடு தகடாக விழுந்தது. கீழே அடுப்புக்குள் உருகிய பால் பாக்கெட், பழைய ஜன்னல் சட்டத்தின் பச்சை பெயின்ட். அத்தானை மனதுக்குள் திட்டத் திட்டக் கை வேகமாக ஓடியது. அவர் பக்கத்தில் நின்று, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் குழாய்க்குள் திரும்புகிற வட்டத் தகடு கையில் வந்தது. புகையின் வேகத்தைக் குறைப்பதற்கு உள்ளது அது. எவ்வளவு திருப்பினாலும் முழுக்க அடைத்துவிடக்கூடாது என்று அதன் விளிம்பில் பல் மாதிரி ஒரு முனை வைத்திருப்பார்கள். இதில் அந்த முனை இல்லை. அரத்தால் வழவழவென்று தேய்த்திருந்தது.

"இத யாரு தேச்சது?" என்று கத்தினேன்.

"என்ன மச்சான், மறந்துட்டியா? எட்டு வருஷத்துக்கு முன்ன அடுப்ப மாட்ட வந்த அன்னிக்கு நீதானே தேச்சுக் குடுத்த. கட்டை சீக்கிரம் தீருதுன்னு சொன்னேன், 'இது ஒரு விஷயமா அத்தான்'ன்னே. உன் கைவேலைக்கு ஈடு உண்டா?"

ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கறிச்சாப்பாடு. அத்தான் என்னைத் தொழில்காரன் என்று நாலு பேர் முன்னால் மெச்சினார். அந்த மெச்சலுக்காக, ஊரெல்லாம் செய்யாதே செய்யாதே என்று நான் சொல்லும் வேலையைச் சொந்த அக்கா வீட்டில் செய்துவிட்டுப் போயிருக்கிறேன். வந்ததிலிருந்து அந்த ஆளைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலருகே போய், திரையை விலக்கிக் காட்டினாள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே துணி மாட்டுகிற மரக் கிளிப் ஒன்று. ஒரு விரல் அகலத்துக்கு வெளிக்காற்று வந்துகொண்டிருந்தது.

"தெனமும் இவர் படுத்தப்புறம் வெப்பேன். காலைல இவர் எழுந்திரிக்கிறதுக்குள்ள எடுத்துடுவேன். இன்னைக்கு மறந்துட்டேன்" என்றாள். "தலைவலி அதுல கொஞ்சம் கொறையும்."

அத்தான் கிளிப்பைப் பார்த்தார். "அதான் பன்னெண்டு மணி நேரம் வரல" என்றார்.

குழாயைத் திரும்ப மாட்டினேன், தகடு இல்லாமல். அதைப் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்டூல் போட்டு ஏறி, கடிகாரத்திலிருந்து பேட்டரியை எடுத்து அலாரத்தில் போட்டேன். மணி பதினொன்று பத்தில் நின்றது. கொல்லையில் அடுக்கியிருந்ததில் இரண்டிரண்டு கட்டையாக மோதிப் பார்த்தேன். முக்கால்வாசி 'தொம்' என்றது, ஈரம். டங்கென்று சத்தம் வந்ததை மட்டும் பொறுக்கி, மெல்லிசாகப் பிளந்து, காற்றுத் துவாரத்தை முழுக்கத் திறந்து பற்றவைத்தேன். பத்து நிமிடத்தில் கதவுக் கண்ணாடியின் கருப்பு, ஓரத்திலிருந்து விலகத் தொடங்கியது. உள்ளே தீ மஞ்சளாக நிமிர்ந்து எரிந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். எட்டு வருடத்தில் அந்த அடுப்புக்குள் தீயை அவள் பார்த்ததில்லையாம்.

"இது ரெண்டு மணி நேரம் தாங்குமா?" என்றார் அத்தான்.

"தாங்காது. திரும்பப் போடணும். சின்னச் சின்னதா. ஈரக்கட்ட வேணாம், பெயின்ட் கட்ட வேணாம், துவாரத்த மூடவே வேணாம்."

"தகட்ட வெச்சுட்டுப் போ."

"மாட்டேன்."

அடுத்த வேலை எதிர்வீட்டுக் கூரையில். மத்தியானம் அங்கே ஏறி நின்றபோது அக்கா வீட்டுப் புகைபோக்கி நேராகத் தெரிந்தது. முதலில் புகையே இல்லை, மேலே காற்று மட்டும் நடுங்கியது. மனசு கொஞ்சம் ஆறியது. நான் பிரஷ்ஷைக் குழாய்க்குள் இறக்கி ஏற்றி நிமிர்ந்தால், அங்கே மஞ்சளாய், தடியாய்ப் புகை வந்து கூரையில் தவழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. துவாரத்தை மூடிவிட்டார். ஈரக்கட்டையும் போட்டிருப்பார். தூ, என்ன ஜென்மம் என்று வாய்விட்டே சொன்னேன். ஆனால் அந்த ஜென்மத்துக்கு வழிகாட்டியவன் யார்?

இறங்கலாம் என்று ஏணியில் கால் வைத்தபோது அக்கா வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு விரல் அகலம் இல்லை. இரண்டு கதவும் சுவரில் போய் அடிக்கிற அளவுக்கு. மரக் கிளிப் தெருவில் விழுந்தது. உள்ளே அத்தானின் குரல் உயர்ந்தது, குளிர் வருகிறது, பேட்டரியை எடுக்கவேண்டும், எழுந்திரு என்று. பெரிய வட்டக் கடிகாரம் இங்கிருந்தே தெரிந்தது. அதில் இன்னும் பதினொன்று பத்து. அதற்கும் அலாரத்துக்கும் நேர் கீழே, வீட்டில் இருக்கிற ஒரே ஸ்டூலைப் போட்டு அதன்மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.